இருபது ஆண்டுக் கணக்கு

கோடையில் மரக்காணத்து அளங்களில் வாரிய உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்றுப் போட்டு மூடி வைத்திருப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் காட்சி அது. அந்தக் குவியலில் அயோடின் ஏறக்குறைய இல்லை என்பது பலருக்குத் தெரியாது. கடல்நீரிலேயே அயோடின் சொற்பம். பாத்தியில் வெயில் காய்ந்து உப்பு உறையும்போது அதுவும் தங்குவதில்லை. பொட்டாசியம் அயோடேட் கரைசலைப் பிற்பாடு தெளித்துக் கலந்தால்தான் அது அயோடின் உப்பு. கடலோரத்தில் குடியிருக்கிறோம், கடல் உப்பைத் தின்கிறோம், நமக்கெங்கே கழுத்துக் கழலை வரப்போகிறது என்று நினைப்பதில் பொருளில்லை. தைராய்டு சுரப்பியில் வரும் புற்றுநோய் எந்த வகையாக இருக்கும், அது வந்தவர் எத்தனை காலம் வாழ்வார் என்ற கேள்விகளில் உப்புக்கும் பங்கு உண்டு.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரி எல்லையை ஒட்டி இருக்கிறது கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஊர். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கும் ஊர். இந்தப் பக்கத்து ஏழை எளியவர்களுக்குக் கழுத்தில் கட்டி தென்பட்டால், பெரிய வைத்தியம் என்றதும் நினைவுக்கு வருவது புதுச்சேரியின் ஜிப்மர்தான். பிரெஞ்சுக்காரர்கள் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964இல் இன்றைய பெயரைப் பெற்ற மத்திய அரசு நிறுவனம் அது. ஊசிப் பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன் என்று ஒவ்வொன்றாக முடிந்து, பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரியானாலும் வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்றே: “சார், எத்தனை வருஷம் தாங்குவாங்க?”

இந்தக் கேள்விக்கு ஓரளவு நேர்மையாகப் பதில் சொல்ல மருத்துவத்துக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த நூறாண்டு வரலாறு நமக்கு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. தைராய்டு புற்றுநோயில் நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்ல முடிந்தவர்கள், முந்தைய நோயாளிகளை விடாமல் பின்தொடர்ந்தவர்கள் மட்டுமே. வீட்டுக்கு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்களால் எதையும் சொல்ல முடியவில்லை.

முதல் சான்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தைராய்டு அறுவை என்றாலே மருத்துவர்கள் நடுங்கினார்கள். ரத்தப் பெருக்கிலும் சீழ் பிடித்தும் மேசையிலிருந்து எழாமல் போனவர்கள் ஏராளம். கோகர் ஒவ்வொரு ரத்தக் குழாயாகக் கட்டி, நிதானமாக அறுத்து, சாவுகளை மிகக் குறைத்தார். அத்தோடு நின்றிருந்தால் அவர் கைத்திறன் உள்ள ஒரு மருத்துவர் என்ற பெயரோடு போயிருப்பார். 1883இல் தம்மிடம் அறுவை செய்துகொண்ட பழைய நோயாளிகளைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுவதுமாக எடுத்தவர்களில் பலர் முகம் ஊதி, பேச்சு மந்தமாகி, அறிவு மங்கிக் கிடந்தார்கள். வெற்றி என்று தாம் எண்ணியது அவர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நோய் இல்லாதவர்களுக்கும் தைராய்டு எதற்காக இருக்கிறது என்பதை உலகம் புரிந்துகொள்ள அந்த ஆய்வு பெரிதும் உதவியது. 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய நோயாளியைத் திரும்ப அழைத்துப் பார்த்ததில் பிறந்த அறிவு அது.

அடுத்த பெரிய திருப்பம் 1940களில். உடலின் மற்ற உறுப்புகளைவிடப் பல மடங்கு அயோடினைத் தைராய்டு இழுத்துக்கொள்ளும். அதிலிருந்து பரவிய புற்றுநோயும் பல நேரம் அந்தக் குணத்தை விடுவதில்லை. நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் சீட்லின், மாரினெல்லி, ஆஷ்ரி மூவரும் கதிரியக்க அயோடினைக் கொடுத்து, பரவிய தைராய்டு புற்றுநோய் அடங்குவதை 1946இல் வெளியிட்டார்கள். இந்தியாவில் டிராம்பேயின் அணு உலைகள் இந்த அயோடின்-131ஐத் தந்தன. மும்பையில் 1963இல் கதிரியக்க மருத்துவ மையம் அமைந்தது. எட்டு நாளில் பாதியாகக் குறைந்துபோகும் பொருள் என்பதால் அதைக் கிடங்கில் சேர்த்து வைக்க முடியாது; தயாரித்த உடனே ஊர் ஊராக அனுப்ப வேண்டும். அதிக அளவில் அதை வாங்கிக்கொள்ளும் நோயாளி சில நாள் தனியறையில் இருக்க வேண்டும். சொந்தப் பிள்ளையைக்கூட அந்த நாட்களில் தூக்கக் கூடாது. ஆனாலும் நுரையீரலுக்குப் பரவிய பிறகும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லும் துணிவை மருத்துவர்களுக்குத் தந்தது இந்தச் சிகிச்சை.

யார் வாழ்வார், யார் வாழமாட்டார் என்பதை எண்ணில் சொல்லும் முயற்சி 1979இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வுக் கூட்டமைப்பு வெளியிட்ட குறியீட்டோடு சூடுபிடித்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1987இலும், பாஸ்டனின் லேஹி கிளினிக் 1988இலும் தங்கள் கணக்குகளை முன்வைத்தன. இவற்றில் நிலைத்த பெயர் பெற்றது 1993இல் மேயோவின் இயன் ஹே குழு வெளியிட்ட மேசிஸ் மதிப்பெண். 1940 முதல் 1989 வரை அங்கே பாப்பிலரி வகைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,779 பேரின் வாழ்க்கையை வைத்துப் போட்ட கணக்கு அது.

அதைக் கையால் போட்டுப் பார்க்கலாம். வயது 39 வரை என்றால் 3.1, நாற்பதும் அதற்கு மேலும் என்றால் வயதை 0.08ஆல் பெருக்க வேண்டும். கட்டியின் அளவை சென்டிமீட்டரில் 0.3ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். கட்டியை முழுதாக எடுக்க முடியவில்லை என்றால் 1. சுரப்பியைத் தாண்டிப் பக்கத்துத் தசைக்குள் புகுந்திருந்தால் இன்னொரு 1. நுரையீரல், எலும்பு என்று தூரத்துக்குப் பரவியிருந்தால் 3. கீழ்புத்துப்பட்டில் 45 வயதுப் பெண் ஒருவர், இரண்டு சென்டிமீட்டர் கட்டி, முழுதாக எடுத்தாகிவிட்டது, எங்கும் பரவவில்லை என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 3.6, அளவுக்கு 0.6, மொத்தம் 4.2. ஆறுக்குக் கீழே வந்தவர்களில் 100க்கு 99 பேர் இருபது ஆண்டு கழித்தும் இந்த நோயால் சாகவில்லை. மரக்காணத்தில் 70 வயது முதியவர் ஒருவர், ஐந்து சென்டிமீட்டர் கட்டி, தசைக்குள் இறங்கி முழுதாக எடுக்க முடியாமல் போனது என்றால், 5.6, 1.5, அதன் மேல் இரண்டு; மொத்தம் 9.1. எட்டும் அதற்கு மேலும் வந்தவர்களில் இருபது ஆண்டு கழித்தும் இந்த நோயால் சாகாதவர் 100க்கு 24 பேர். ஒரே நோய், ஒரே பெயர். இருவருக்கும் முன்னால் இருக்கும் வாழ்க்கை வேறு வேறு. ‘புற்றுநோய்’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு இருவர் வீட்டிலும் ஒரே மாதிரி ஒப்பாரி எழுவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை இந்தச் சின்னக் கூட்டல் காட்டிவிடுகிறது.

கணக்கில் வயதுக்குக் கிடைத்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. வேறெந்தப் புற்றுநோயிலும் நோயின் நிலையைச் சொல்ல வயதை இப்படி நம்புவதில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு நுரையீரல்வரை பரவியிருந்தாலும் இரண்டாம் நிலை என்றே எழுதுகிறார்கள். அந்த வயதில் அயோடின் சிகிச்சைக்கு நோய் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. செர்னோபில் விபத்துக்குப் பிறகு இதைக் கண்கூடாகப் பார்த்தது உலகம். 1986இல் குழந்தைகளாகவும் பதின்பருவத்தினராகவும் இருந்தவர்களிடையே 2005க்குள் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவர்களில் அந்த நோயால் அதுவரை இறந்தவர்கள் 15 பேர் என்று ஐ.நா.வின் கதிரியக்க அறிவியல் குழு பதிவு செய்தது. அந்தச் சாவுகளும் துயரமே. ஆனால் பல குழந்தைகளுக்கு நிணநீர் முடிச்சுகளுக்கும் நோய் பரவியிருந்ததை வைத்துப் பார்த்தால், அவர்கள் பிழைத்தது இந்த நோயின் இயல்பைப் பற்றி நிறையச் சொல்கிறது.

ஆனாலும் மனிதர் வகுத்த கோடு மனிதர் வகுத்ததுதான். புற்றுநோயை நிலைகளாகப் பிரிக்கும் அமெரிக்கக் குழுவின் கையேட்டில், ஏழாம் பதிப்பில் வயதுக் கோடு 45இல் இருந்தது. எட்டாம் பதிப்பு அதை 55க்கு நகர்த்தியது. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது வயதுப் பெண், கழுத்துப் பக்கவாட்டில் ஒரு நிணநீர் முடிச்சில் நோய், வேறெங்கும் இல்லை. 2017 டிசம்பரில் அவர் நான்காம் நிலை நோயாளி. அடுத்த மாதம் முதல் நிலை. அவர் உடம்பில் ஒரு செல்லும் மாறவில்லை. பல ஆயிரம் பேரை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்ததில், 45இலிருந்து 55க்குள் இருப்பவர்களும் இளையவர்களைப் போலவே வாழ்கிறார்கள் என்பது தெரிந்ததால் கோட்டை நகர்த்தினார்கள். நான்காம் நிலை என்று கேட்டு நிலத்தை விற்றவர்கள், மகளின் கல்யாணத்தை அவசரமாக முடித்தவர்கள் எந்த நாட்டிலும் இருந்திருப்பார்கள். முன்கணிப்பு பிழைபட்டால் அதன் விலையைக் கொடுப்பது குடும்பம்.

பிழை இன்னொரு பக்கமும் உண்டு. 1985இல் பின்லாந்தில் ஹராக் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை மெல்லிய வில்லைகளாக வெட்டிப் பார்த்தார்கள். அவர்களில் 35.6 சதவீதத்தினரிடம் யாருக்கும் தெரியாமல் பாப்பிலரி புற்றுநோய் இருந்தது. அதனோடு வாழ்ந்து, அதனால் அல்லாமல் இறந்தவர்கள் அவர்கள். இந்த அறிவு கையில் இருந்தும், தென்கொரியா 1999 முதல் மற்ற புற்றுநோய்ப் பரிசோதனைகளோடு சேர்த்துக் கழுத்து ஸ்கேனையும் பரவலாக எடுக்க விட்டது. 2011இல் அங்கே கண்டறியப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம் 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. நோயால் இறப்பவர் விகிதம் மட்டும் அசையவே இல்லை. ஆயிரக்கணக்கானவர்களின் சுரப்பி வீணாக அறுக்கப்பட்டது. வாழ்நாள் முழுதும் மாத்திரை. சிலருக்குக் குரல் கம்மிப்போனது. சிலருக்குக் கால்சியம் குறைந்து கைகால் இழுத்தது. 2014இல் அந்த நாட்டு மருத்துவர்கள் சிலரே எதிர்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் அறுவைகள் குறைந்தன.

ஜப்பானின் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை வேறு வழி எடுத்திருந்தது. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்தான இடத்தில் இல்லாத பாப்பிலரி கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணிக்கலாம் என்று அகிரா மியாவுச்சி சொன்னதை ஏற்று, 1993இல் அதைத் தொடங்கினார்கள். அப்படிக் கண்காணித்த 1,235 பேரின் கணக்கு 2014இல் வந்தது. பத்தாண்டில் கட்டி மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 சதவீதத்தினருக்கு. நிணநீர் முடிச்சுக்குப் போனது 3.8 சதவீதத்தினருக்கு. தைராய்டு புற்றுநோயால் ஒருவரும் இறக்கவில்லை. பிற்பாடு அறுவை செய்துகொண்டவர்களும் தாமதித்ததால் எதையும் இழக்கவில்லை. 2016இல் உலகின் நோய்க்குறியியல் வல்லுநர்கள் ஒன்றுகூடி, உறைக்குள் அடங்கி வெளியே பரவாத ஒரு வகைக் கட்டிக்குப் புற்றுநோய் என்ற பெயரையே நீக்கினார்கள். அந்தக் கட்டி இருந்த 109 பேரைப் பத்து முதல் 26 ஆண்டு வரை பின்தொடர்ந்ததில், அத்தனை பேரும் நோயின்றி வாழ்ந்தார்கள் என்பதே அவர்கள் காட்டிய ஆதாரம். எவ்வளவு குறைவாகச் சிகிச்சை செய்தால் போதும் என்று சொல்வதும் முன்கணிப்பின் வேலைதான் என்பதை இந்த இரண்டு பணிகளும் நிலைநாட்டின.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. அனாபிளாஸ்டிக் என்ற வகை, உடலில் வரும் புற்றுநோய்களிலேயே மிகக் கொடியவற்றில் ஒன்று. அது எந்த அளவில் இருந்தாலும் நான்காம் நிலைதான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களே மிச்சம். மரபணு மாற்றம் பொருந்தி வருபவர்களுக்கு 2018 முதல் புதிய மருந்துகள் கொஞ்சம் காலம் கூட்டித் தருகின்றன. மெடுல்லரி என்ற வகை சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வருவது. ரெட் என்ற மரபணுவில் உள்ள மாற்றம் அதற்குக் காரணம் என்பது 1993இல் தெரிந்தது. அந்தக் குடும்பத்துக் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையில் மாற்றம் இருப்பது தெரிந்தால், நோய் தலைகாட்டும் முன்பே சுரப்பியை எடுத்துவிடலாம். அங்கே முன்கணிப்பு உயிரையே காக்கிறது.

இப்போது உப்புக்கு வருவோம். எந்த ஊரில் எந்த வகைத் தைராய்டு புற்றுநோய் மிகுதி என்பதை அந்த ஊர் மக்கள் தின்னும் அயோடின் பெருமளவு தீர்மானிக்கிறது. அயோடின் குறைந்த மலைநாடுகளில் ஃபாலிக்குலர், அனாபிளாஸ்டிக் ஆகிய கடினமான வகைகள் கூடுதலாக வந்தன. உப்பில் அயோடின் சேர்த்த பிறகு விகிதம் பாப்பிலரி பக்கம் சாய்ந்தது. அர்ஜென்டினாவின் சால்டா பகுதியில் 1963இல் அயோடின் உப்பு வந்த பின் இந்த மாற்றத்தைப் பதிவு செய்தவரும் பின்லாந்து ஆய்வை நடத்திய அதே ஹராக்தான். ஒரு தனி மனிதரின் முன்கணிப்பை மருத்துவர் மாற்றுகிறார். ஒரு மக்கள் கூட்டத்தின் முன்கணிப்பை உப்பு மாற்றியது.

இந்தியாவுக்கு இந்தப் பாடத்தைக் கற்றுத் தந்தது இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கு. 1950களின் பிற்பாதியில் மருத்துவ ஆய்வாளர் ராமலிங்கசுவாமியும் உடன் பணியாற்றியவர்களும் அந்தப் பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் கழலை பெருமளவு குறைந்தது. மற்றதில் அப்படியே இருந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. சாதா உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்ற தடை 1998இல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்து, 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் மீண்டும் வந்தது. அந்தத் தடையால் சிறு உப்பளக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் 2018-19இல் எடுத்த தேசிய அயோடின் கணக்கெடுப்பு நமக்குத் தலைகுனிவு. போதிய அயோடின் உள்ள உப்பு நாடு முழுவதும் 76.3 சதவீத வீடுகளில் இருந்தது, தமிழ்நாட்டில் 61.9 சதவீத வீடுகளில்தான். மாநிலங்களில் கடைசி இடம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு விளைவிக்கும் மாநிலம், அந்த உப்பில் சேர வேண்டியதைத் தன் அடுப்படிக்குக் கொண்டு சேர்க்கவில்லை.

மேயோவின் மேசிஸ் கணக்கு, மின்னசோட்டா மாநிலத்து மருத்துவமனைக்கு வந்த 1,779 பேரின் வாழ்க்கையிலிருந்து வந்தது என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். அவர்கள் தின்ற உப்பு வேறு. நோயின் எந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள் என்பது வேறு. கட்டியைக் கழுத்திலேயே ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொண்டு, மூச்சு முட்டும்போதோ குரல் போகும்போதோ வருகிறவர்கள் நம்மிடையே உண்டு. இன்னொரு பக்கம், மாஸ்டர் செக்கப் என்று போய், அறிகுறி எதுவும் இல்லாமலே கழுத்து ஸ்கேனில் கட்டி காட்டப்பட்டு அறுவைக்குப் போகிறவர்களும் உண்டு. திருவனந்தபுரத்துப் பதிவேட்டில் பெண்களிடையே தைராய்டு புற்றுநோய் நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்றாக இருப்பதற்கு இத்தகைய மிகைக் கண்டறிதலும் காரணம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த இரு பக்கத்தாருக்கும் ஒரே வெளிநாட்டுக் கணக்கைப் போட்டுச் சொன்னால், இருவரில் ஒருவருக்காவது தவறான பதில் போகும்.

கணக்கு ஒரு நாளில் போட்டு முடிப்பதும் இல்லை. நியூயார்க்கின் மைக்கேல் டட்டில் குழு 2010இல் 588 நோயாளிகளை வைத்து இதைக் காட்டியது. அறுவை முடிந்த கையோடு ஒருவரை இலேசு, நடுத்தரம், அதிகம் என்று ஆபத்து வாரியாகப் பிரிக்கிறோம். முதல் இரண்டாண்டுச் சிகிச்சைக்கு நல்ல பலன் தெரிந்தவர்களில் நோய் மிஞ்சியிருக்கவோ மீண்டும் வரவோ இருந்த வாய்ப்பு, முதல் இரு பிரிவினருக்கும் 2 சதவீதம், அதிக ஆபத்துப் பிரிவினருக்கு 14 சதவீதம். பலன் முழுமையாகாதவர்களுக்கு அதுவே 13, 41, 79 சதவீதம். முதல் நாளில் இலேசு என்று எழுதப்பட்டவரும், பின்னால் கவனிக்காமல் விட்டால், ஆபத்துக்காரராக மாறியது தெரியாமல் போகலாம். முதல் நாளில் பயமுறுத்தப்பட்டவர், இரண்டாண்டு கழித்து நிம்மதியாக மூச்சு விடலாம். அளக்காரர் பாத்தி நீரின் அடர்த்தி டிகிரியை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. இருபத்தைந்தைத் தொட்டு உப்பு உறையும் வரை, ஒரு மழை வந்தாலும் மறுபடி அளக்கிறார். தைராய்டு புற்றுநோயில் முன்கணிப்பும் அப்படித்தான். தைரோகுளோபுலின் என்ற ரத்தப் பரிசோதனையும் கழுத்து ஸ்கேனும் அந்த மறு அளவைகள்.

தமிழ்நாட்டுக்கு இது புது வேலை அல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, நோயாளியைப் பின்தொடர்வதைத் தன் கடமையாகவே வைத்திருந்தது. மருத்துவர்கள் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் அதைக் கட்டிக் காத்தார்கள். 1981இன் கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் (ஐ.சி.எம்.ஆர்.) தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பெங்களூரு, மும்பையோடு சென்னையும் முதல் பதிவேடுகளில் ஒன்றாயிற்று. இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக எழுதப்படாத நாட்டில், யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று அறிய ஒரே வழி வீட்டுக் கதவைத் தட்டுவது. பதிவேட்டுப் பணியாளர்கள் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். வளரும் நாடுகளின் புற்றுநோய் உயிர்வாழ்வுக் கணக்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு தொகுத்தபோது, சென்னையின் எண்கள் அதில் இடம் பெற்றது அந்த நடையால்தான். பிற்பாடு பதிவுத் திட்டம் மாநிலம் முழுதுக்கும் விரிந்தது.

அந்த நடை கீழ்புத்துப்பட்டு போன்ற ஊர்களில் எளிதல்ல. நோயாளியின் வீடு தமிழ்நாட்டில். ஃபைல் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில். வேலை சென்னையிலோ பெங்களூரிலோ. உப்பு வாரும் காலம் முடிந்தால் கூலிக்கு வேறு ஊர் போகிறவர்கள் இந்தக் கரையில் உண்டு. முகாமில் இருப்பவர்களின் நிலை இன்னும் கடினம். இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் தைராய்டு முன்வரிசையில் இருக்கிறது. அக்கரையில் அறுவை செய்துகொண்டு, காகிதம் எதுவும் இல்லாமல் இக்கரைக்கு வந்த ஒருவருக்கு, கழுத்துத் தழும்பைத் தவிர மருத்துவரிடம் காட்ட ஒன்றும் இராது. எந்த வகைக் கட்டி, எவ்வளவு அளவு, முழுதாக எடுத்தார்களா என்பது தெரியாமல் எந்த மருத்துவராலும் அவருக்கு எதிர்காலம் சொல்ல முடியாது. மனிதரை இடம்பெயர்த்த போர் அவருடைய மருத்துவ வரலாற்றையும் அறுத்துப் போட்டிருக்கிறது.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அந்த வாசலில், தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர் இருக்கிறாரா, மாத்திரை போடுகிறாரா, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார் என்று ஆண்டுக்கு ஒரு முறை கேட்டுக் குறித்தால் போதும். அந்தக் குறிப்பு மாநிலப் பதிவேட்டுக்கும், எல்லை தாண்டிய புதுச்சேரியின் மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர வேண்டும். முகாம்களில் இருப்பவர்களும் விடுபடாமல் அதில் வர வேண்டும். இருபது ஆண்டு கழித்து, நம் உப்பைத் தின்ற, நம் வெயிலில் உழைத்த, நம் ஆஸ்பத்திரிகளில் அறுவை செய்துகொண்ட மக்களின் சொந்தக் கணக்கு நம் கையில் இருக்கும்.

மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். எத்தனை வருஷம் என்று கேட்கும் வீட்டாரிடம் நிலையின் எண்ணை மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். எந்த வகை, இதே நிலையில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்போது எதைப் பார்த்தால் இந்தக் கணிப்பு மாறும் என்று ஐந்து நிமிடம் உட்காரவைத்துச் சொல்லுங்கள். அறிகுறி இல்லாதவருக்குக் கழுத்து ஸ்கேனைத் தொகுப்புப் பரிசோதனையில் சேர்க்காதீர்கள்.

நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்ல வேண்டியது இது. கழுத்தில் கட்டி தென்பட்டால் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் குறிப்பு, பயாப்ஸி ரிப்போர்ட், அயோடின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் நான்கையும் ரேஷன் கார்டு வைக்கும் இடத்திலேயே பத்திரமாக வையுங்கள். ஊர் மாறினால் முதலில் அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, அரை மணி நேரம் கழித்துக் காபி. சொன்ன தேதிக்குப் போய் நில்லுங்கள், உடம்பு நன்றாக இருந்தாலும் போய் நில்லுங்கள். சமையலுக்கு அயோடின் உப்பையே வாங்குங்கள். தைராய்டு புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பேரன் பேத்தி எடுக்கும்வரை வாழக்கூடியவர்கள். அதை உறுதியாகச் சொல்வதற்கு நீங்கள் திரும்பி வருவது அவசியம்.